ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டிஜிட்டல் சேவை: வடிவமைப்பு முதல் மதிப்பீடு வரை செய்ய வேண்டியவை

பிபி, சுகர் நோயாளிகள் மாதாமாதம் தவறாமல் மாத்திரை வாங்க வர ஒரு மொபைல் சேவை செய்ய வேண்டும், அது உண்மையில் பலன் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு நிறைய பேர் வருகிறார்கள். மென்பொருள் எழுதத் தெரிந்த இளைஞர்கள், சமூக மருத்துவத்தில் முதுநிலை படிக்கும் டாக்டர்கள், தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள். செயலி எழுதுவது இதில் சின்ன வேலை. யாரிடம் எந்த அனுமதி, எந்த வரிசையில், என்ன காகிதம், எவ்வளவு நாள், எவ்வளவு பணம் என்பதில்தான் ஆட்கள் களைத்துப்போய் பாதியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இப்படி ஒரு வேலையை ஒருங்கிணைத்தபோது, இதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைத்தவர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்காவது கிடைக்கட்டும்.

ரத்த அழுத்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்கும் சேவையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கர்ப்பிணிகள், காசநோய், மனநலம் என்று உங்கள் வேலை வேறாக இருந்தாலும் வரிசை பெரும்பாலும் இதுதான். தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றரை வருடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் முடிப்பேன் என்று பணம் கொடுப்பவரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

1. எந்தப் பதிவேடு குறையும் என்று முதலில் கேளுங்கள்

தொற்றா நோய்களைக் கவனிக்கும் என்சிடி நர்ஸ் ஒரு நோயாளியைப் பார்த்து முடிப்பதற்குள் எத்தனை இடத்தில் எழுதுகிறார் என்று ஒரு காலை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஓபி நோட்டு, என்சிடி பதிவேடு, நோயாளியின் கையில் இருக்கும் அட்டை, அரசின் இணையப் போர்ட்டலில் பதிவு, மாத அறிக்கை. இதற்கு மேல் உங்கள் செயலி. நீங்கள் எவ்வளவு அழகாகத் திரை போட்டிருந்தாலும் அது அவருக்குக் கூடுதலாக ஒரு நோட்டுதான். முதல் வாரம் மரியாதைக்காகப் போடுவார். கூட்டம் அதிகமான நாளில் விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே செயலி வந்தால் எந்த எழுத்து வேலை போகும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பதிவேட்டை நிறுத்தும் அதிகாரம் மருத்துவ அலுவலருக்குக் கிடையாது, மேலிருந்து வர வேண்டும். அது கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. மாத அறிக்கையை அரசு கேட்கும் அதே படிவத்தில், அதே வரிசையில் செயலியே அச்சடித்துத் தரட்டும். மாதக் கடைசியில் கூட்டிக் கழிக்கும் வேலை மிச்சமாகிறது என்று தெரிந்தால் செவிலியர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

இன்னொன்று, ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். டிஎச்ஐஎஸ்2, ஓடிகே, கம்கேர் போன்ற மென்பொருள்கள் உலகம் முழுக்க சுகாதாரப் பணியில் ஓடுகின்றன. இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் பயன்பட்ட சிம்பிள் என்ற செயலியின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் எவ்வளவு குறைவான கட்டங்கள் இருக்கின்றன என்று பார்த்தாலே ஒரு நல்ல பாடம். புதிதாக எழுதுவது கடைசி வழி.

2. ஆட்களைச் சேர்ப்பது

குறைந்தபட்சம் இவர்கள் வேண்டும்: மருத்துவ அலுவலர் ஒருவர், என்சிடி நர்ஸ் இருவர், கிராம சுகாதார செவிலியர் அல்லது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், மருந்தாளுநர், மென்பொருள் பொறியாளர், புள்ளியியல் தெரிந்த ஒருவர். நோயாளிகள் தரப்பில் இரண்டு பேர்.

மருந்தாளுநரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நோயாளி மறுபடி வருவதும் வராததும் மருந்து ஜன்னலில்தான் தீர்மானமாகிறது. இருபது ரூபாய் பஸ் கட்டணம் கொடுத்து வந்த அம்மாவிடம் 'பிபி மாத்திரை அம்லோடிபின் இல்லை, அடுத்த வாரம் வாங்க' என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் அனுப்பும் எந்த நினைவூட்டலையும் அவர் நம்பமாட்டார். மருந்து இருப்பு குறைந்தால் நினைவூட்டல் தானாக நிற்க வேண்டும் என்று சேவையில் ஒரு விதி வையுங்கள். அந்த விதியை எழுத மருந்தாளுநர் கூட்டத்தில் இருந்தாக வேண்டும்.

புள்ளியியலாளரைக் கடைசியில் கூப்பிடாதீர்கள். தரவு சேர்ந்த பிறகு வந்து அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

நீங்கள் மருத்துவத் துறைக்கு வெளியே இருந்து வருகிறவர் என்றால், பக்கத்து மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் தொடங்குங்கள். அவர்களுக்கு ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு உண்டு, களப்பயிற்சிக்கென்று கிராமப்புற, நகர்ப்புற சுகாதார மையங்கள் உண்டு, ஆய்வுத் தலைப்பு தேடும் முதுநிலை மாணவர்கள் உண்டு. அங்கே ஒரு பேராசிரியர் முதன்மை ஆய்வாளராக வந்தால் பாதி வழி கடந்த மாதிரி.

கூட்டம் வைக்கும் நாளிலும் கவனம் தேவை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி. அந்த இரண்டு நாளில் கூப்பிட்டால் செவிலியர்கள் வரமாட்டார்கள், வந்தாலும் மனம் இங்கே இருக்காது. பயணப்படியும் சாப்பாடும் பட்ஜெட்டில் எழுதுங்கள். டாக்டருக்கும் பொறியாளருக்கும் மதிப்பூதியம் வைத்துவிட்டு நர்ஸை மட்டும் 'உதவி' என்று சும்மா உட்காரவைப்பது பல திட்டங்களில் நடக்கிறது. அது தவறு, வேலையையும் கெடுக்கும்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்குங்கள். மருத்துவ அலுவலர் முதுநிலைப் படிப்புக்குப் போய்விடுவார், செவிலியருக்கு இடமாறுதல் வரும்.

3. எழுத்தில் வைக்க வேண்டியவை

கல்லூரி, தொண்டு நிறுவனம், மென்பொருள் நிறுவனம் மூன்றும் சேரும்போது புரிந்துணர்வு ஒப்பந்தம் கட்டாயம். முத்திரைத்தாள் செலவு பெரிதில்லை. நேரம்தான் போகும், ஒவ்வொரு நிறுவனத்தின் சட்டப் பிரிவிலும் வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் இதை முதல் மாதமே தொடங்குங்கள். ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்:

நோயாளிகளின் தரவு யார் பொறுப்பில், எந்த சர்வரில் இருக்கும், திட்டம் முடிந்ததும் யார் அழிப்பார்கள்.
மூலநிரல் யாருக்குச் சொந்தம், நிறுவனம் விலகினால் துறைக்குக் கிடைக்குமா.
முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடும் உரிமை.
கட்டுரையில் யார் யார் பெயர், எந்த வரிசையில்.

மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு மென்பொருள் நிறுவனம் 'எங்கள் ஒப்புதலோடுதான் முடிவுகள் வெளியாகும்' என்ற ஒரு வரியை வரைவின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தது. அந்த வரி இருந்தால் நீங்கள் செய்வது மதிப்பீடு ஆகாது, விளம்பரம்தான். பெயர்களைப் பொறுத்தவரை மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு தகுதிகள் பெரும்பாலான இதழ்களில் செல்லும். ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்பு. வடிவமைப்பில் உழைத்த செவிலியருக்கு வரைவைப் படித்துத் திருத்தும் வாய்ப்பைக் கொடுத்தால் அவரும் இதற்குத் தகுதி பெறுவார். வாய்ப்பே கொடுக்காமல் 'தகுதி இல்லை' என்று நன்றியுரையில் தள்ளுவது நியாயமில்லை.

4. திரை வரையும் முன் அளவுகோலைத் தீர்மானியுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. 'எத்தனை பேர் செயலியைப் பயன்படுத்தினார்கள்' என்பது அளவுகோல் ஆகாது. நோயாளிக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லும் ஒரே ஒரு முதன்மை அளவைத் தேர்ந்தெடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அது எளிது: பதிவான நோயாளிகளில், கடந்த மூன்று மாதத்தின் கடைசி வருகையில் 140/90-க்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை சதவீதம்?

பொறி இருப்பது வகுக்கும் எண்ணில். 400 பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 பேர் வந்தார்கள், அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. 100 பேர் வந்தார்கள், கட்டுக்குள் இல்லை. 120 பேர் வரவே இல்லை. வந்தவர்களை மட்டும் எடுத்தால் 64 சதவீதம் என்று வரும். எல்லோரையும் எடுத்தால் 45 சதவீதம். உங்கள் சேவையே வராதவர்களுக்காகத்தான் என்கிறபோது அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? வராதவர்கள் வகுக்கும் எண்ணில் இருந்தே ஆக வேண்டும்.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகப் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நிலையத்துக்கு வராததால் உங்கள் செயலியில் 'தவறவிட்டவர்' என்று சிவப்பில் இருப்பவர், வீட்டில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். தன்னார்வலரின் பதிவையும் சேர்த்துப் படிக்கும் வழி இல்லாமல் வருகையை அளக்காதீர்கள். தன்னார்வலரைக் குழுவில் சேர்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பு, பின்பு என்று இரண்டு முறை மட்டும் அளந்து ஒப்பிடுவதும் போதாது. ஒரு நாள் அழுத்தம் அதிகமாக இருந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு, எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகை சரியும், பிறகு ஏறும். அதையெல்லாம் செயலியின் சாதனை என்று எழுதிவிடக் கூடாது. சேவை இல்லாத சில நிலையங்களையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ஒரே நிலையத்தில் பாதி நோயாளிகளுக்குக் கொடுத்து பாதிப் பேருக்கு நிறுத்துவதும் நடக்காது, நர்ஸ் ஒருவர்தானே. நிலையத்தையே அலகாக வைத்துக் குலுக்கல் போடுங்கள். அப்படிச் செய்யும்போது ஆட்களின் எண்ணிக்கை கூட வேண்டும். ஒரு நிலையத்துக்கு 50 பேர், ஒரே நிலையத்து நோயாளிகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் ஒற்றுமைக் கெழு 0.02 என்றால் 1 + (49 × 0.02), அதாவது ஆளாளுக்குக் குலுக்கல் போடுவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நோயாளிகள் வேண்டும். நிலையங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் எத்தனை நோயாளிகளைச் சேர்த்தும் பயன் இல்லை.

'எங்கள் நிலையத்துக்கு மட்டும் ஏன் இல்லை?' என்று கேட்பார்கள். எல்லா நிலையங்களுக்கும் கடைசியில் சேவை கிடைக்கும், யாருக்கு எந்த மாதம் என்பது மட்டும் குலுக்கலில் என்ற படிப்படியான முறை இதற்கு நல்ல பதில். அதிகாரிகளும் இதை எளிதாக ஏற்றுக்கொள்வார்கள்.

5. அனுமதிகள், அவற்றின் வரிசை

நெறிமுறைக் குழு. 'இது ஆய்வு இல்லை, சேவைதானே' என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. மருந்து மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் 2019-இன்படி சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் குழுக்கள் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் மூன்று வகைப் பரிசீலனையைச் சொல்கிறது: விலக்கு, விரைவு, முழுக்குழு. உங்களுடையது எது என்பதைக் குழுதான் சொல்லும். கொடுக்க வேண்டியவை:

ஆய்வுத் திட்டம், பட்ஜெட்.
ஆய்வாளர்களின் தன்விவரங்கள்.
பங்கேற்பாளர் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், ஆங்கிலத்திலும் தமிழிலும், மொழிபெயர்ப்புச் சான்றிதழோடு.
கேள்வித்தாள்கள், திரைகளின் படங்கள், அனுப்பப்போகும் ஒவ்வொரு செய்தியின் வாசகமும்.
ஒப்பந்த நகல், நலன் முரண் அறிவிப்பு.

தமிழ்ப் படிவத்தை மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்த்த சான்றும் பல குழுக்கள் கேட்கின்றன. இது இல்லாததால் மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும் விண்ணப்பங்கள் நிறைய. சில குழுக்கள் மாதம் ஒருமுறை கூடும், சில இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே காகிதங்கள் போயிருக்க வேண்டும். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். கல்லூரி மாணவர்களுக்குப் பெரும்பாலும் குறைவு, நிறுவனப் பணத்தில் நடந்தால் அதிகம்.

துறை அனுமதி. சென்னையில் உள்ள பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநரகத்துக்குக் கல்லூரி முதல்வர் வழியாகக் கடிதம் போக வேண்டும். மாவட்ட சுகாதார அலுவலருக்கு நகல். எந்த நிலையங்கள், எத்தனை மாதம், ஊழியர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும், துறைக்கு என்ன செலவு என்பதை இரண்டே பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம்.

இந்த இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். துறை நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் கேட்கும், குழு துறையின் அனுமதியைக் கேட்கும். 'துறை அனுமதிக்கு உட்பட்டு' என்று நிபந்தனையோடு கூடிய ஒப்புதலைக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். அதை வைத்துத் துறைக்கு எழுதுங்கள்.

சிடிஆர்ஐ பதிவு. சேவையைக் கொடுத்துப் பலனை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல் முன்கூட்டிய பதிவை மட்டுமே ஏற்கிறார்கள். முதல் நோயாளியைச் சேர்த்த பிறகு போனால் கதவு மூடிவிடும். விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும், உடனுக்குடன் பதில் போட்டாலும் சில வாரங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால் ஐசிஎம்ஆர் வழியாக சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும். அதற்குத் தனியாகப் பல மாதங்கள் ஒதுக்குங்கள்.

6. செயலி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. நோயாளி தானாக டாக்டரை அழைத்தால் ஒப்புதல் உள்ளடங்கியது. டாக்டரோ சுகாதார ஊழியரோ தொடங்கினால் வெளிப்படையான ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும். செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு உதவலாம், தானே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும், ஊழியர்களுக்கு முடிவெடுக்க உதவும் கருவிகள் அவர்களுடைய பணி வரம்புக்குள் இருக்கும் வேலைகளுக்கு மட்டுமே என்கிறது. நர்ஸின் திரையில் 'மாத்திரையை 10 மில்லிகிராமுக்குக் கூட்டவும்' என்று வந்தால் அவரை நீங்கள் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள்.

அப்படி நோயைக் கண்டறியும், மருந்தளவைச் சொல்லும் அம்சம் இருந்தால் மென்பொருளே மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-க்குள் வந்துவிடலாம். உரிமம், வகைப்பாடு என்று வேறு பாதை. முதல் பதிப்பில் பதிவு, நினைவூட்டல், வராதவர் பட்டியல் மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

7. ஒப்புதலும் அந்தரங்கமும்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. இப்போதே அதன்படி கட்டிவிடுங்கள். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பு நோயாளிக்கு இருக்க வேண்டும். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ விலக்கிக்கொள்வதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

சட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் வருவோம். நோயாளி கொடுக்கும் கைப்பேசி எண் பல நேரம் மகனுடையது, மருமகளுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது. 'உங்கள் சர்க்கரை மாத்திரை' என்று அதில் செய்தி போனால் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்றை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். பதிவின்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த நம்பர் யாருடையது? இதில் நோயின் பெயர் வரலாமா? இரண்டாவதற்கு அவர் எதுவும் சொல்லாவிட்டால் 'வேண்டாம்' என்றே இருக்கட்டும். 'உங்கள் அடுத்த வருகை வியாழன்' என்றால் போதும்.

8. தாளில் வடிவமைத்து, பிறகு கணினிக்கு

திரைகளை முதலில் வெள்ளைத்தாளில் வரைந்து ஐந்தாறு செவிலியர்களிடம் கொடுங்கள். ஒரு பழைய ஓபி நாளின் பத்து நோயாளிகளை அதில் பதியச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறார்கள், எந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகிறார்கள் என்று பார்த்தாலே பெரிய குறைகள் தெரிந்துவிடும். டாக்டர் கூட இருந்தால் 'நல்லா இருக்கு சார்' என்றுதான் பதில் வரும். அவரை அந்த அறையில் உட்காரவைக்காதீர்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் 'இதை வைத்து யார் என்ன முடிவெடுப்பார்?' என்று கேட்டு, பதில் இல்லாததை நீக்குங்கள். பேராசிரியர்கள் 'ஆய்வுக்குப் பயன்படும்' என்று சேர்க்கச் சொல்லும் கேள்விகள் பெரும்பாலும் இங்கேதான் விழும். வருத்தப்படுவார்கள், பரவாயில்லை. அடுத்து, இணையம் இல்லாதபோதும் வேலை செய்ய வேண்டும். திரையில் கடைசி ரத்த அழுத்த அளவு, கடைசி வருகைத் தேதி, தரப்பட்ட மாத்திரை மூன்றும் முதலில் தெரிய வேண்டும்.

பயன்பாட்டு எளிமையை அளக்க எஸ்யுஎஸ் என்ற பத்துக் கேள்வி அளவுகோல் போதும். மதிப்பெண் 0 முதல் 100, சராசரி சுமார் 68. விடைகள் 1 முதல் 5 வரை. ஒற்றைப்படைக் கேள்விகளில் விடையிலிருந்து 1-ஐக் கழிக்கவும், இரட்டைப்படையில் 5-லிருந்து விடையைக் கழிக்கவும், கூட்டி 2.5-ஆல் பெருக்கவும். இரட்டைப்படைக் கேள்விகள் எதிர்மறையானவை. தமிழில் அவை 'சிரமமாக இல்லை என்று சொல்லமாட்டேன்' என்கிற மாதிரி குழப்பமாகிவிடாமல் 'இதைப் பயன்படுத்துவது சிரமம்' என்று நேராக எழுதுங்கள்.

9. குறுஞ்செய்தி என்னும் தனி வேலை

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிவு வேண்டும். முதலில் நிறுவனம், அப்புறம் அனுப்புநர் பெயர், கடைசியில் ஒவ்வொரு செய்தியின் வார்ப்பும், அதாவது மாறாத வாசகமும். நிறுவனத்தின் பான், பதிவுச் சான்று, கையெழுத்து அதிகாரக் கடிதம் கேட்பார்கள். பதிவான வார்ப்பிலிருந்து ஒரு புள்ளி மாறினாலும் செய்தி போகாது. அதனால் நெறிமுறைக் குழு வாசகத்தை ஒப்புக்கொண்ட பிறகே வார்ப்பைப் பதியுங்கள்.

ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 மட்டுமே. அதிலும் உயிர்மெய்க் குறிகள், புள்ளிகள் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'மாத்திரை' நமக்கு நான்கு எழுத்து, கணக்கில் எட்டு. நீளமான செய்தி துண்டுக்கு 67 என்று உடையும். துண்டுக்கு 20 பைசா என்று வைத்து, 1,000 பேருக்கு மாதம் இரண்டு செய்தி, ஒவ்வொன்றும் மூன்று துண்டு என்றால் மாதம் 1,200 ரூபாய். ஆங்கிலக் கணக்கில் பட்ஜெட் போட்டவர்களுக்கு இது மூன்று மடங்காக வந்து நிற்கும். படிக்கத் தெரியாத முதியவர்களுக்குக் குரல் அழைப்பு வேண்டும், அதற்குத் தனிச் செலவு. வராதவர் பட்டியலை அச்சடித்துத் தன்னார்வலர் கையில் கொடுத்தால் பல கிராமங்களில் இரண்டையும்விட நன்றாக வேலை நடக்கிறது.

10. ஆபா இணைப்பும் பாதுகாப்புத் தணிக்கையும்

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தோடு இணைவது மூன்று கட்டம்: ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண்ணை உருவாக்கிச் சரிபார்ப்பது, பதிவுகளைப் பகிர்வது, பிற இடத்துப் பதிவுகளைப் பெறுவது. சோதனைக் களத்தில் பதிவு இலவசம். உண்மையான களத்துக்குப் போக அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் பட்டியலில் உள்ள தணிக்கையாளரின் பாதுகாப்புச் சான்று வேண்டும். விலை செயலியின் அளவைப் பொறுத்து ஏறும், மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்குங்கள். குறைகள் கண்டு, சரிசெய்து, மறுபடி சோதிக்க ஒரு மாதமாவது போகும். செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவின்படி பாதுகாப்பு மீறல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினி தானாக எழுதும் பதிவுக்கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். யார் தெரிவிப்பது என்று இப்போதே ஒருவரை நியமியுங்கள்.

ஆபா எண் விருப்பத்துக்குரியது. ஆதாரோடு இணைந்த கைப்பேசி வீட்டில் இருக்கும், ஓடிபி அங்கே போகும், பாட்டி இங்கே வரிசையில் நிற்பார். ஆபா இல்லாமலும் பதிவு முடியும்படி வையுங்கள்.

11. சோதனை ஓட்டம், பிறகு மதிப்பீடு

இரண்டு நிலையங்களில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒரு நோயாளியைப் பதிய எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள், பழைய பதிவேட்டின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். அழுத்தமானியையும் பாருங்கள். கையில் சுற்றும் கஃப் அளவு பொருந்தாவிட்டால், நோயாளியை ஐந்து நிமிடம் உட்காரவைக்காமல் அளந்தால், எவ்வளவு நல்ல செயலியும் தப்பான எண்ணைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். எண்கள் எல்லாம் 0-இல், குறிப்பாக 140, 130 என்று முடிந்தால் அளக்காமல் போட்டிருக்கிறார்கள் அல்லது பக்கத்துப் பத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். மாதாமாதம் இந்தக் கடைசி இலக்கப் பட்டியலைப் போடுங்கள். யாரையும் திட்டுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள், அப்புறம் எண்கள் இன்னும் அழகாகப் பொய் சொல்லும்.

முழு மதிப்பீட்டுக்கு ஆறு மாதம் குறைவு, ஒரு வருடம் நல்லது. நடுவில் செயலியை மாற்ற நேரும். மாற்றிய தேதியையும் காரணத்தையும் குறித்து வையுங்கள். மருந்துத் தட்டுப்பாடு, இடமாறுதல், வெள்ளம், காய்ச்சல் முகாம் என்று அந்தந்த நிலையத்தில் நடந்ததையும் ஒரு நாட்குறிப்பில் எழுதுங்கள். ஏன் ஒரு நிலையத்தில் பலித்தது, இன்னொன்றில் பலிக்கவில்லை என்ற கேள்விக்கு அந்த நாட்குறிப்புதான் பதில் சொல்லும். சேவையை விட்டு விலகியவர்களோடு கட்டாயம் பேசுங்கள். நேர்காணலைச் சேவையைக் கட்டியவர்கள் எடுக்கக் கூடாது, எண்களைப் பகுப்பவரும் மென்பொருள் நிறுவனத்தின் ஆளாக இருக்கக் கூடாது.

12. செலவுக் கணக்கில் விடுபடுபவை

டேப், சர்வர், நிரல் எழுதும் சம்பளம் இவற்றை எல்லோரும் எழுதுவார்கள். விடுபடுபவை: பாதுகாப்புத் தணிக்கை, டிஎல்டி, மொழிபெயர்ப்பும் சான்றிதழும், சிம் ரீசார்ஜ், உடையும் டேப்புக்கு மாற்று, புதிதாக வரும் ஊழியர்களுக்கு மறுபயிற்சி, செவிலியர்களின் பயணப்படி, புள்ளியியலாளர் ஊதியம், திட்டம் முடிந்த பிறகு ஒரு வருடப் பராமரிப்பு. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை மதிப்பீட்டுக்கென்று தனித் தலைப்பில் ஒதுக்கச் சொல்வேன். பொதுத் தலைப்பில் இருந்தால் செயலியின் அடுத்த பதிப்பு அதை விழுங்கிவிடும்.

13. ஒப்படைப்பு

முடிவைக் கட்டுரையாக எழுதும் முன் பங்கெடுத்த நிலையங்களுக்கு ஒரு பக்கத் தமிழ் அறிக்கை கொடுங்கள், அவர்களுடைய எண்ணையும் மாவட்டச் சராசரியையும் போட்டு. சிடிஆர்ஐ பக்கத்தில் ஆய்வு முடிந்ததைப் புதுப்பியுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு நிறைவு அறிக்கை போக வேண்டும்.

சேவை தொடரும் என்றால் சர்வர், மூலநிரல், கடவுச்சொற்கள், டிஎல்டி கணக்கு நான்கும் யார் பெயருக்கு மாறுகின்றன என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நிற்கப்போகிறது என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நோயாளிகளுக்குச் சொல்லுங்கள். கடைசிச் செய்தியில் அடுத்த வருகைத் தேதியும் நிலையத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். வராதவர் பட்டியலின் கடைசி நகலை அச்சடித்து, என்சிடி நர்ஸிடம் நேரில் கொடுத்துவிட்டு சர்வரை நிறுத்துங்கள்.